கார் சீட்டுக்கு அடியில் கிடந்த சாமான்

“தெரியாதுன்னா? உங்க வண்டி, உங்க சீட்டு, சாவி உங்க பாக்கெட்ல. அடியில கிடக்கிறது மட்டும் உங்களுக்குத் தெரியாதா?”

“அதான் சொல்றேனே சூர்யா. தெரியாது.”

“மெதுவா பேசுங்க. தெருவே கேக்குது.”

“நீதான கத்திகினு இருக்கிற.”

“நான் கத்தல. கேக்கறேன்.”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டில் பச்சையப்பனின் தறி சத்தம் நின்று போயிருந்தது. பக்கத்து வீட்டு ஜெபராணி டீச்சர் எப்போதோ காய்ந்துவிட்ட துணிகளை எடுத்து மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயவேல் பட்டுச்சேலை முதலாளி. பெரிய முதலாளி என்று சொல்லிவிட முடியாது. ஆரணியில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பட்டுநூல் கொடுத்து நெய்ய வைத்து, இறங்குகிற சேலையை வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். தறிக்காரர்களிடம் அவர் பேச்சு எடுபடும். வீட்டுக்குள் வந்ததும் செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிடுவார்.

அவர் மனைவி சூர்யகலா, சந்தேகத்தை நாள் தவறாமல் செய்கிற வீட்டு வேலையாக வைத்திருந்தாள். காலையில் கோலம், அப்புறம் பால்காரர், அப்புறம் சிலிண்டர் போடுகிற ஆள், மீதி நேரத்துக்கு ஜெயவேல். இத்தனை வருடக் குடித்தனத்தில் ‘தெரியாது’ என்பதை அவள் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டதே இல்லை.

இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சாமான். கையகலம். ஒரு முனை வாய் பிளந்த மாதிரி. நடுவில் மூக்கு மாதிரி ஒரு புடைப்பு. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்கள் என்று வீட்டைக் கழுவி, கழுவின கையோடு காரையும் துடைத்தபோது முன்சீட்டுக்கு அடியில் அகப்பட்டது.

மகள் பவித்ரா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பெங்களூரில் வேலை. தட்டு மாற்றுவதற்காக ஊருக்கு வந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்களுக்கு ரொம்ப அலைச்சல் வைக்காத பெண். மாப்பிள்ளையைக்கூட அவளே கல்யாண வெப்சைட்டில் பார்த்து, அவளே விசாரித்து, நல்ல இடம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அப்பாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

“அப்பா, தெரியாதுன்னு சொல்லிகினே இருந்தா அம்மா விடமாட்டாங்க. எதையாவது சொல்லி முடிச்சிடுங்க. தறி சாமான்னு சொல்லுங்களேன்.”

ஜெயவேலுக்குக் கண் கலங்கியது. இந்த வீட்டில் தன் பக்கம் ஓர் ஆளாவது இருக்கிறதே.

முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். “இப்பதான் ஞாபகம் வருது சூர்யா. அது தறிக்கு வந்த புது சாமான். கண்ணமங்கலத்துல ஒருத்தர் சாம்பிள் குடுத்தாரு.”

சூர்யகலா தறி வீட்டில் பிறந்தவள். “தறியில எங்க மாட்டறது?”

“மாட்டறது இல்ல. குறுக்க ஓடற நாடாவுக்குள்ள நூல் சுத்தின குச்சி இருக்குல்ல, அத வெளிய எடுக்கிறதுக்கு.”

“விரலால எடுத்தா வராதா?”

“இதுல ஜல்தியா வரும்.”

பொய் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் பச்சையப்பனின் தறி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜெயவேல் வாசலில் அவருடைய தறிக்காரர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள்.

“மொதலாளி, புது சாமான் வந்திருக்காமே. எங்க கண்ணுல காட்டல.”

“சரவணனுக்கு மட்டும் முன்னாடியே குடுத்துட்டீங்க போல. அதான் அவன் வூட்ல சேலை சீக்கிரம் இறங்குது.”

“யோவ், நான் ராவும் பகலும் நெய்யறேன்யா,” என்றான் சரவணன். அதை ஒருவரும் நம்பவில்லை.

சாமான் கைமாறியது. ஆளாளுக்கு நாடாவில் விட்டுப் பார்த்தார்கள். திருப்பினார்கள், நெம்பினார்கள். கடைசியில் பச்சையப்பன் அதைப் பவ்வியமாக ஜெயவேலிடம் நீட்டினார். “மொதலாளி, இத வச்சிகினு குச்சிய எடுக்கிறதுக்குள்ள நான் ஒரு முழம் நெய்ஞ்சிடுவேன். உங்கள யாரோ ஏமாத்தியிருக்கான்.”

“அவர யாரும் ஏமாத்தலீங்க,” என்றாள் வாசற்படியில் நின்ற சூர்யகலா. “ஏமாந்தவ இங்க இருக்கேன்.”

தறிக்காரர்கள் கலைந்தார்கள். ஜெபராணி டீச்சர் மட்டும் கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தார். அவர் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருப்பது தெருவுக்குத் தெரியும். சாமானை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“இத எங்கியோ பாத்திருக்கேன். இரு, ஜாய்ஸ கேப்போம்.”

ஜாய்ஸ் டீச்சரின் மகள், கனடாவில் இருக்கிறாள். வீடியோவில் தலைவாராமல் வந்தாள். சாமானைக் காட்டியதும் சிரித்தாள்.

“ஆன்ட்டி, இது கார்ல குழந்தைங்களுக்குத் தனி சீட்டு போடுவாங்கல்ல, அதுக்கு. அந்த பெல்ட் பட்டன் ரொம்ப டைட்டா இருக்கும், குழந்தை தானே திறந்துடக் கூடாதுன்னு. அழுத்தறதுக்குள்ள நம்ம விரல் போயிடும். நகம் வளக்கறவங்க, கட்டைவிரல் வலி இருக்கறவங்கல்லாம் இத மேல மாட்டி ஒரு அமுக்கு அமுக்குவாங்க. கழண்டுடும். யாரு வீட்ல ஆன்ட்டி குழந்தை?”

போன் வைக்கப்பட்டது. டீச்சருக்குக் கறிவேப்பிலை மறந்துபோயிருந்தது.

“குழந்தை,” என்றாள் சூர்யகலா. கொஞ்சம் பொறுத்து, “நகம்,” என்றாள்.

“சூர்யா, சத்தியமா...”

“வேலூருக்கு ஏன் அடிக்கடி போறீங்க?”

“கடை அங்கதான இருக்கு. இந்த வாரம் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனது பவித்ராவ கூட்டிகினு வர. நீதான அனுப்பின.”

“பின்சீட்ல பிஸ்கட் தூள் கிடந்துச்சு.”

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார். “அது நான் தின்னது.”

“சுகர் மாத்திரை போடறவரு, க்ரீம் பிஸ்கட் தின்னீங்களா?”

“ஆமா.”

“அதையே இத்தனை நாளா மறைச்சவரு வேற எத மறைக்க மாட்டீங்க?”

அந்த வீட்டில் ஜெயவேல் ஒப்புக்கொண்ட ஒரே உண்மையும் இப்படி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. சூர்யகலா பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்து ஒரு பையில் அடுக்கினாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் குழந்தை யாருதுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா தட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் வந்தவாசிக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிட்றேன். வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் அப்பாவைப் பின்கட்டுக்கு இழுத்தாள்.

“பிலவேந்திரன் அங்கிள் நம்ம கார்ல வந்திருக்காருல்ல. அவரோடதுன்னு சொல்லச் சொல்லுங்கப்பா. ஜாய்ஸ் அக்கா குழந்தையோட ஊருக்கு வரப்போறாங்க, அதுக்கு வாங்கினதுன்னு சொல்லட்டும்.”

“நல்ல யோசனைம்மா,” என்றார் ஜெயவேல். விழுந்துகொண்டிருக்கிற மனிதருக்கு எந்தக் கயிறும் நல்ல கயிறுதான்.

பிலவேந்திரன் ஜெபராணி டீச்சரின் கணவர். மின்சார வாரியத்தில் ரிடையர் ஆனவர். நண்பன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், என்ன கேட்கிறான் என்று முழுசாகக் கேட்டுக்கொள்ளவும் தெரியாதவர். மறுநாள் காலை கேட்டைத் திறந்து வந்து நடுவாசலில் நின்று அறிவித்தார்.

“சூர்யாம்மா, அது என்னுது. நான்தான் கார்ல விட்டுட்டேன். பேத்திக்கு வாங்கினேன்.”

மதில் மேல் ஜெபராணி டீச்சரின் தலை தெரிந்தது. “நம்மகிட்ட ஏதுங்க கார்?”

“வாங்கலாம்னு...”

“கார் இல்ல. கார்ல போடற சீட்டு இல்ல. சீட்டுல இருக்கிற பட்டன் திறக்கிறத மட்டும் வாங்கி வச்சீங்களா?”

“முதல்ல சின்னதா ஆரம்பிக்கலாம்னு.”

“நேத்து ஜாய்ஸ் போன்ல சொன்னத நான் வூட்டுக்கு வந்து உங்ககிட்ட சொன்னேனே. அப்ப ஏன் வாயத் திறக்கல?” டீச்சர் கண்ணாடியை இறக்கினார். “குழந்தை அவருதா, உங்களுதா? அதையாவது ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்களா?”

அதன்பிறகு ஒரு வீட்டுச் சண்டை இரண்டு வீட்டுச் சண்டையாகிவிட்டது. அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. ஜெயவேலும் பிலவேந்திரனும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார்கள் என்றும், பில்லை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள் என்றும் தகவல்.

சனிக்கிழமைக்குள் தெரு அந்தக் குழந்தையை வளர்த்து ஆளாக்கிவிட்டது. பெண் குழந்தை. வேலூரில் இருக்கிறது. அம்மாவுக்கு நீள நகம். குழந்தைக்கு நெற்றியும் மூக்கும் அப்படியே ஜெயவேல் ஜாடை. பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பச்சையப்பன், இனிமேல் முதலாளி கொடுக்கிற கூலி குறையும், அங்கே ஒரு குடும்பம் இருக்கிறதல்லவா என்று கவலைப்பட்டார்.

பவித்ரா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அம்மா, அத என்கிட்ட குடுத்துடுங்க. எங்கியாவது தூக்கிப் போட்டுடறேன். நாளைக்கு நல்லபடியா முடியட்டும்.”

“தூக்கிப் போடறதா? அதாண்டி சாட்சியே.” சூர்யகலா அந்தச் சாமானைத் தன் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “உன் முகத்துக்காக நாளைக்கு ஒரு நாள் சிரிச்சிகினு நிப்பேன். தட்டு மாத்தின கையோட வந்தவாசி பஸ். உங்கப்பாவுக்கும் சொல்லிடு.”

பவித்ரா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல பிள்ளை, அப்பாவுக்காக எவ்வளவு பாடுபடுகிறது என்று ஜெயவேல் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. பெங்களூரிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் இறங்கினான், அவன் அம்மா சிவசங்கரி இறங்கினாள், தாய்மாமன் ஒருவர் இறங்கினார். டிரைவர் சுதாகர் காரைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். கூடம் நிறைய ஆட்கள். ஜெபராணி டீச்சரும் பிலவேந்திரனும் வந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு மூலையில்.

சூர்யகலா சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரி அவள் இடுப்பையே பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு மாதிரி புன்னகை செய்தாள். சேலைக்கு விலை மதிப்பிடுகிறாள் என்று சூர்யகலா சந்தேகப்பட்டாள்.

ஜெயவேல் சேலைத் தட்டைத் தூக்கினார். இது மாறியதும் வீட்டுக்காரி போய்விடுவாள். மாறாமல் போனால் மகள் வாழ்க்கை போய்விடும். தட்டை முடிந்தவரை மெதுவாக நீட்டினார்.

அப்போது டிரைவர் சுதாகர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றான். கட்டைவிரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கூப்பிட்டான்.

“மேடம்.”

சூர்யகலா திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“பவித்ரா மேடம், பாப்பா எழுந்துடுச்சு. சீட்டு பெல்ட் கழட்ட வரல, உங்களக் கேட்டு ஒரே அழுகை. நீங்க அதுக்குன்னு வாங்கினீங்களே ஒரு சாமான், அன்னிக்கு பெங்களூர் ஸ்டேஷன்ல இறங்கறப்ப கைப்பையில போட்டுகினீங்களே, அதக் குடுங்க.”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சூர்யகலாவின் இடுப்பைப் பார்த்தார்கள்.

“தூங்கிட்டிருந்துச்சு, எழுப்ப வேணாம்னு விட்டுட்டு வந்தோம்,” என்றாள் சிவசங்கரி, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து. “வெற்றிக்கு முதல் கல்யாணம் விவாகரத்து ஆனது, பாப்பா எங்ககிட்ட இருக்கிறது, எல்லாம் உங்களுக்குச் சம்மதம்னு பவிதான சொல்லிச்சு. ஒரு வருஷமா பாப்பாவுக்கு அவதான எல்லாம்.”

பவித்ரா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் அம்மாவிடம் போய், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள். காருக்கு நடந்தாள். பின்கதவைத் திறந்து அந்தச் சாமானை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்து, இத்தனை பேருக்கும் நடுவில் தெளிவாகச் சொன்னது.

“பவிம்மா, ஒண்ணுக்கு.”

முதலில் அசைந்தவர் ஜெயவேல்தான். தட்டைத் தாய்மாமன் கையில் திணித்துவிட்டு, “கொண்டாம்மா, நான் கூட்டிகினு போறேன்,” என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது அது அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது. தட்டு கைமாறிவிட்டதை அப்புறம்தான் எல்லோரும் கவனித்தார்கள். ஜன்னல் ஓரம் நின்றவர்கள் மட்டும் குழந்தையின் நெற்றியைப் பார்த்து, “ஜாடை இருக்குதுன்னு நான் அப்பவே சொன்னேனே,” என்றார்கள்.

தை மாதம் பவித்ராவுக்கும் வெற்றிச்செல்வனுக்கும் ஆரணியிலேயே கல்யாணம் நடந்தது. பிலவேந்திரனும் ஜெபராணி டீச்சரும் கனடாவுக்கு மகளிடம் போனார்கள், ஒரே விமானத்தில்தான். சூர்யகலா கட்டின பையைப் பிரிக்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்து, மகள் சொல்வது எதையும் இனி நேரில் பார்க்காமல் நம்புவதாக இல்லை என்று பெங்களூருக்கே குடிபோய்விட்டாள். ஜெயவேல் இங்கே தனியாக இருக்கிறார். ஒரு மனிதர் தனியாக இருந்துகொண்டு இவ்வளவு சந்தோஷமாக இருப்பது எப்படி என்று தெரு இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறது.