யாரோ விட்டுப்போன சைக்கிள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. தெருமுனைக் கடைக்குப் போக வண்டி எடுக்கிறார்கள். அப்புறம் ஆபீசுக்கு லீவு போட்டு, எங்கிருந்தோ ரயிலேறி வந்து, இரண்டு கையிலும் இரண்டு கம்பைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார்கள். கேட்டால் நெடும்பாதையாம். மலையில் ஆரம்பித்துக் கடல் வரைக்கும் போகிறதாம். கடலுக்கு பஸ் போகிறது. அதை இவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

லாரிக்காரர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று காலை அவர் அணைக்கட்டுக்குப் பின்னால் ஒரு புதருக்குள் குனிந்துகொண்டு, முந்தின நாள் ஒளித்துவைத்த தன் சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

"சம்பந்தி! உள்ள என்ன பண்றீங்க?" பாதையிலிருந்து அவருடைய சம்பந்தியின் குரல் வந்தது.

"இதையெல்லாமா சத்தம் போட்டுக் கேப்பாங்க?"

"ஓ, சரி சரி. முடிச்சிட்டு வாங்க, நான் நிக்கிறேன்."

"நிக்காதீங்க. ஆள் நின்னா எனக்கு வராது."

சம்பந்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கம்புகளை டொக்கு டொக்கென்று ஊன்றி நடக்க ஆரம்பித்தார். சத்தம் தேய்ந்து மறைந்தபிறகுதான் லாரிக்காரர் நிமிர்ந்தார்.

இவ்வளவுக்கும் காரணம் அவருடைய மகள். ஆயுசு பூராவும் லாரியில் கிளட்ச் மிதித்து அவருக்கு இடது முட்டி போய்விட்டது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் மகள் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்கட்டுல இருந்து தொங்குபாலம் வரைக்கும் மாமாகூட நடந்து வந்துடுங்கப்பா. வந்துட்டா நீங்க உங்க வீட்டுலயே இருங்க, நான் வாயே திறக்கல. முடியலன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்."

அவள் வீடு மூன்றாவது மாடி. அங்கே அவருக்குக் கட்டில் போட இருக்கிற ஒரே இடம் அவளுடைய மாமனார், அதாவது நம் சம்பந்தி, படுக்கிற அறை. சம்பந்தி தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். பொழுது விடியுமுன் எழுந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, மூச்சுப் பயிற்சி செய்வார். ஏர் பிரேக் பிடித்த மாதிரி சத்தம் வரும். அதோடு விடமாட்டார். "உங்க முட்டிக்கு ஒரு டாக்டர் இருக்காரு சம்பந்தி. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. மடக்கி நீட்டியே சரி பண்ணிடுவாரு" என்பார் பார்க்கிற போதெல்லாம்.

"மடக்கி நீட்ட ஒரு டாக்டரா? நானே கதவு கீலுக்கு எண்ணெய் விடுறேன், என்னை டாக்டர்ம்பீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார் லாரிக்காரர்.

நடந்தால் ஊரைக் கூட்டுகிற அதே முட்டி, சைக்கிள் மிதித்தால் வாயைத் திறக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு. சம்பந்தியை முன்னால் விட்டுவிட்டுப் பின்னாலேயே சைக்கிளில் போக வேண்டியது. பாலம் வரும் முன்னே சைக்கிளை மறைத்துவிட்டு, நொண்டாமல் நாலு எட்டு நடந்து காட்ட வேண்டியது. இடையில் ஒரே ஒரு சிக்கல். பாதை ஆரம்பத்தில் ஒரு பெரிய போர்டு இருந்தது. சம்பந்தி அதைப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "நடக்கிறவங்களுக்கு மட்டும்தானாம். சைக்கிளைக் கண்டா பிடுங்கிடுவாங்களாம்." லாரிக்காரருக்குப் படம் போட்ட போர்டுதான் போர்டு. வெறும் எழுத்தாக இருந்தால் அது வேறு யாருக்கோ.

சைக்கிள் கிடைத்தது. ஏறினார். மரங்களுக்கு நடுவே சமமான மண்பாதை, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், பக்கத்தில் தண்ணீர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிளுக்குச் சம்பந்தி மாதிரி டொக்கு டொக்கென்று நின்று நின்று போகத் தெரியாது. ஒரு வளைவு திரும்பியதும், தூரத்தில் சம்பந்தியின் முதுகு தெரிந்தது.

லாரிக்காரர் சட்டென்று பக்கத்து ஒற்றையடிப் பாதையில் திருப்பினார். அது மேடு ஏறி, பள்ளம் இறங்கி, முள்ளில் நுழைந்து, மறுபடியும் நெடும்பாதையிலேயே கொண்டுவந்து விட்டது. இப்போது அவர் சம்பந்திக்கு முன்னால் இருந்தார். பின்னால் இருக்க வேண்டிய நொண்டி முன்னால் இருந்தால் எவன் நம்புவான்? சம்பந்தி தாண்டிப் போகட்டும் என்று சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ஒளிய இடம் தேடினார்.

"யாருதுய்யா இந்த சைக்கிள்?"

திரும்பினார். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் விசில்.

"எனக்கென்ன தெரியும்? நான் நடந்து வர்றேன். எவனோ தறுதலை விட்டுட்டுப் போயிருக்கான்" என்றார் லாரிக்காரர்.

"நல்லவேளை பாத்தீங்க ஐயா. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது." காக்கிச் சட்டை ஹேண்டில்பாரில் கை வைத்தான். "நீங்க போங்க. நான் இதைப் பாலத்துக்கிட்ட கொண்டுபோய் ஒப்படைச்சிடுறேன்."

லாரிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். காக்கிச் சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. பேன்ட் வேறு ஜாதி. செருப்பு விலை உயர்ந்தது. இவனிடம் சைக்கிளைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

"வேணாம் தம்பி. கண்டுபிடிச்சவன் நான். நானே தள்ளிக்கிட்டு வர்றேன்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம்? பொதுக் காரியம்."

"சரி. ஏறி மட்டும் ஓட்டிடாதீங்க. நானும் கூடவே வர்றேன்."

இப்படியாக லாரிக்காரர் தன் சொந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எந்தப் பாதையை ஏமாற்ற வந்தாரோ அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

காக்கிச் சட்டைக்கு வாய் ஓயவில்லை. "ஐயா, குதிகாலை முதல்ல ஊன்றி வைங்க. இது பாம்பு நடமாடுற இடம். அதிர்வு கேட்டாத்தான் ஒதுங்கும்."

"நான் ஓட்டாத காடா?"

"லாரியில போனீங்க, பாம்பு ஒதுங்குச்சு."

'நான் லாரி ஓட்டினது இவனுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் புதருக்குள் ஏதோ சரசரத்தது. லாரிக்காரர் குதிகாலை ஓங்கி ஊன்றினார்.

மஞ்சள் கல் வந்தது. "நில்லுங்க. உண்ணி பாக்கணும்" என்றான் காக்கிச் சட்டை. "கல்லு மேல இடது காலைத் தூக்கி வைங்க. முட்டியை நல்லா நீட்டுங்க. உண்ணி மடிப்புக்குள்ளதான் ஒளியும். பத்து எண்ணுங்க. இப்ப மடக்குங்க. மறுபடியும்."

"உண்ணி இருக்கா?"

"இங்க இல்ல. அடுத்த கல்லுல பாப்போம்."

இரண்டாவது கல்லில் முட்டி கதவு மாதிரிக் கிறீச்சிட்டது. நாலாவது கல்லில் அந்தச் சத்தம் இல்லை. லாரிக்காரர் அதைக் கவனிக்கவில்லை; சைக்கிள் மீது ஒரு கண், காக்கிச் சட்டை மீது ஒரு கண் என்று அவருக்கு இருந்ததே இரண்டு கண்தான். சம்பந்தி முதுகுப் பக்கமாகத் தாண்டிப் போனதும் அதில் படவில்லை.

ஓடைமேல் ஒரு பலகைப் பாலம் வந்தது. "நேரா தள்ளினா சக்கரம் இடுக்குல மாட்டிக்கும். பின்பக்கமா நடந்து இழுத்துட்டு வாங்க."

"பின்பக்கமாவா? லாரிக்கு ரிவர்ஸ் கியர் இருக்கு. எனக்கு இல்ல."

"அப்ப நான் இழுக்குறேன், குடுங்க."

லாரிக்காரர் பின்பக்கமாக நடந்தார்.

பாலத்தின் முடிவில் அவர் முதுகு எதன்மீதோ இடித்தது. சம்பந்தி.

"அடடே! சம்பந்தி! எப்ப என்னை எட்டிப் பிடிச்சீங்க?"

"நீங்க பராக்குப் பாத்துக்கிட்டு வந்தீங்க. நான் சொடக்குப் போடுற நேரத்துல வந்துட்டேன்."

"இது உங்க சைக்கிள் மாதிரியே இருக்கே?"

"என்னுது வீட்டுல இருக்கு."

சம்பந்தி பெல்லை ஒரு தரம் அடித்தார். கரகரவென்று இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தெருவுக்கே தெரிந்த சத்தம். "பெல்லுகூட அதே தொண்டை" என்றார்.

"ஒரே கம்பெனியா இருக்கும்."

"இருக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி டொக்கு டொக்கென்று முன்னால் போய்விட்டார். போகும்போது அவர் தோள் குலுங்கியது. இளைப்பாக இருக்கும் என்று லாரிக்காரர் நினைத்தார்.

பொழுது உச்சிக்கு வந்தபோது தொங்குபாலம் தெரிந்தது. பாலத்தடியில் ஒரு டீக்கடை. கடை பூட்டிக் கிடந்தது. வெளியே பெஞ்சில் மகளும் சம்பந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஓடி வந்தாள்.

"அப்பா! முழுசா நடந்தே வந்துட்டீங்களா?"

"பின்ன? பறந்தா வந்தேன்?"

"வழியில கிடந்த சைக்கிளையும் தள்ளிக்கிட்டே வந்தாரும்மா. ஒரு எட்டுகூட ஏறி ஓட்டல. நான் சாட்சி" என்றான் காக்கிச் சட்டை.

மகள் சைக்கிளைச் சுற்றி வந்தாள். கேரியரில் கட்டியிருந்த பெல்ட்டைத் தொட்டாள். "இது என் ஸ்கூல் பெல்ட்டு ஆச்சே. பக்கிள்ல நான் கடிச்ச பல் தடம்கூட இருக்கு."

"எல்லாப் பிள்ளையும் பெல்ட்டைக் கடிக்கும்."

"அப்ப இது யாருதுன்னே தெரியாது?"

"தெரியாது."

"நல்லது ஐயா." காக்கிச் சட்டை கையைத் தட்டிக்கொண்டான். "யாரும் உரிமை கேக்காத வண்டியை இன்னிக்கே நசுக்கிடுவாங்க. பழைய இரும்பு லாரி இப்ப வந்துடும். கையை எடுங்க."

லாரிக்காரர் கையை எடுக்கவில்லை. எடுக்கத்தான் நினைத்தார். வாயை மூடிக்கொண்டு கையை எடுத்தால் வீடு தங்கும். தன் கட்டில், தன் கதவு, தன் இஷ்டத்துக்கு ரேடியோ. வாயைத் திறந்தால் மூன்றாவது மாடி, ஏர் பிரேக். அவர் சீட்டைப் பார்த்தார். மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது இதில்தான். அவள் அழுது திரும்பி வந்ததும் இதில்தான். லாரி கம்பெனிக்காரனுடையது. வாழ்க்கையில் அவருடையது என்று ஓடிய வண்டி இது ஒன்றுதான்.

"என்னுதுதான்யா!" என்று கத்தினார். "நான்தான் ஒளிச்சு வச்சேன், நான்தான் ஓட்டினேன். பாதிக்குப் பாதி ஓட்டியிருப்பேன். போதுமா? மூட்டையைக் கட்டுறேன், மாடிக்கு வர்றேன், அந்த மூச்சையும் கேட்டுத் தொலைக்கிறேன். சைக்கிளை விடு!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது, அவர்கள் வந்த அதே நெடும்பாதையில், பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு, டீக்கடைக்கார அம்மாள் பெல் அடித்தபடி சைக்கிளில் வந்து இறங்கினாள். அவள் சைக்கிளை யாரும் பிடுங்கவில்லை. கடைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தவள் காக்கிச் சட்டையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அட, வாங்க டாக்டர்! நேத்து சாயங்காலம் வரைக்கும் என் முட்டியைத்தானே மடக்கி நீட்டிக்கிட்டு இருந்தீங்க, இன்னிக்கு என்ன என் வீட்டுக்காரரோட காவல்காரச் சட்டையை மாட்டிக்கிட்டு இந்தப் பெரியவர் முட்டியைப் பிடிச்சிட்டீங்க?"

சம்பந்தி தன் கம்பு நுனியை உற்றுப் பார்த்தார். மகள் ஆகாயத்தைப் பார்த்தாள். காக்கிச் சட்டை விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

லாரிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"முதல்ல காவல்காரன்னான். இப்ப டாக்டர்ங்குறான். நாளைக்குக் கலெக்டர்ம்பான். நான் நம்பல" என்றார்.

"பாதிக்கு மேல நடந்துதானேப்பா வந்தீங்க. உங்க வீட்டுலயே இருங்க" என்றாள் மகள்.

"அதையும் நம்பல."

சைக்கிளைத் திருப்பி ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறி ஓட்ட இப்போது யாரும் தடை சொல்லவில்லை. அவருக்குத்தான் ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகாலை ஓங்கி ஊன்றி, தார் ரோட்டில் இல்லாத பாம்புகளை விரட்டிக்கொண்டே போனார்.

"அப்பா! முட்டி வலிக்குதா?"

"இல்ல" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."