படிப்புக்கு ஞானஸ்நானம்

மொன்றியலில் பனிக்கு அடுத்தபடியாக எங்கும் பரந்து கிடப்பவர்கள், பிள்ளைகளின் படிப்புக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பெற்றோர். பிள்ளையின் தலையில் ஒரு தரம்தான் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். பிள்ளையின் படிப்புக்கு எத்தனை தரமும் வைக்கலாம். தடுக்க யாரும் இல்லை. பல்லு டொக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கப் படிக்கிற பிள்ளை, பெற்றவரின் வாயில் பல்லு டொக்டராகவே வெளியே வரும். லிஃப்ட் திருத்தப் படிக்கிற பிள்ளை எஞ்சினியர். வங்கி வாசலில் நின்று "போன்ஜூர்" சொல்லுகிற பிள்ளை மனேச்சர். இது பொய்யா? சேச்சே. ஆண்டவர் பிறகு செய்யப்போவதை இவர்கள் கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் ஒரு நல்ல மனிதரைப் பார்க்கவேண்டுமா? தங்கராசாவைப் பாருங்கள். மட்டக்களப்புக்காரர். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரை துடைக்கிறவர். சட்டைப் பையில் செபமாலை. கூட்டும்போது கிடைத்த பணப்பையைச் சொந்தக்காரரிடம் கொடுக்க நாலு மாடி ஏறினவர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல் தலையைச் சொறிகிறவர். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் சிவாஜினி, கல்லூரியில் மூன்று வருஷப் பொலிஸ் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஒருவர் கேட்டார்.

"மகள் என்ன படிக்கிறா அண்ணை?"

"லோ."

"லோயருக்கோ?"

"அந்தப் பக்கம்தான்."

கவனித்தீர்களா? பொய்யே இல்லை. திசையை மட்டும் காட்டினார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. யுத்த காலத்தில் ஊரில் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வேலி பாய்ந்த கால் அவருடையது. அந்தச் சொல்லை மகளின் பெயரோடு சேர்த்துச் சொல்ல நாக்கு மறுத்தது. அதனால் சிவாஜினி மூன்று வருஷம், மே மாத வெயிலிலும், பொலிஸ் வகுப்புச் சீருடைக்கு மேலே பனிக்காலக் கோட்டைப் போட்டுப் பூட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள். கண்ட சனங்கள், "லோ படிக்கிற பிள்ளைக்கு உடம்பு சரியில்லை போல" என்று இரங்கினார்கள்.

மூன்றாம் வருஷத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. ஆட்களைத் துரத்துவதைவிட, ஆட்கள் விட்டுப்போவதில்தான் அவளுக்கு மனம் இருந்தது: கைரேகை, சப்பாத்து அடையாளம், ஒரு துளி இரத்தம். இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தடயவியல் பட்டப்படிப்பு இருந்தது. டிப்ளோமாவில் படித்த சில பாடங்களை ஏற்றுக்கொள்வார்கள். இரசாயனமும் கணிதமும் தனியாகப் படித்துக் காட்டவேண்டும். படித்தாள். பின்னேரம் பின்னேரமாய், அந்த வருஷத்திலேயே. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கடுதாசி விரித்து அப்பாவுக்கு விளக்கினாள். தங்கராசாவின் காதில் விழுந்தது இரண்டே சொற்கள்: லாப், வெள்ளைக் கோட்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முழுக்கக் கதை: "தங்கராசா அண்ணையின்ர மகள் டொக்டருக்கு மாறுறாவாம்."

இரண்டாம் ஞானஸ்நானம்! மறு கிழமையே, கோவிலுக்கு வருகிற புஷ்பராணி தன் இரத்தப் பரிசோதனைத் தாளோடு சிவாஜினியைப் படிக்கட்டில் மறித்தார்.

"பிள்ளை, இந்தக் கொலஸ்ட்ரோலை ஒருக்காப் பார்."

"அன்ரி, இரத்தம் சுவரில தெறிச்சுக் கிடந்தா நான் பாப்பன். உடம்புக்குள்ள ஓடுறதை உங்கட டொக்டரிட்டக் காட்டுங்கோ."

புஷ்பராணி சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

இதுவரைக்கும் யாருக்கும் நட்டமில்லை. பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தோடு, தொண்டு செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வைக்கவேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. சிவாஜினி நாலு வருஷம் கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள். கோவில் கொமிற்றியின் காரியதரிசி யோசெப்பின், அருமையான பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதி, முத்திரை குத்தி, வெள்ளிக்கிழமை தங்கராசாவின் கையில் கொடுத்தார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை.

சிவாஜினி வாசித்தாள். முகம் மாறியது.

"அப்பா, நான் மூண்டு வருசம் லோ படிச்சனெண்டும், இப்ப டொக்டருக்குப் போறனெண்டும் எழுதிக் கிடக்கு."

"நல்லாத்தானே எழுதியிருக்கிறா மகள்."

"என்ர மார்க்ஸ் சீட்டில பொலிஸ் எண்டு கிடக்கு. ரெண்டும் ஒரே கோப்புக்குள்ள போகப்போகுது. தடயம் பிடிக்கப் படிக்கப்போறவள், முதல்ல நானே பிடிபடுவன். எடுப்பினமோ என்னை?"

அடுப்படியில் நின்ற தங்கராசாவின் மனைவி திரேசம்மா கரண்டியோடு திரும்பினார். "மறுகா சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு மூண்டு வருசம் போச்சு. இப்ப போய்ச் சொல்லுங்கோ."

"அவளே போய்ச் சொல்லட்டுமன்."

"நான் சொன்னா, அப்பா பொய் சொன்னவர் எண்டு வரும். நீங்க சொன்னா, அப்பா திருத்தினவர் எண்டு வரும்."

ஞாயிறு பூசையில் தங்கராசா எதற்கு எழும்பினார், எதற்கு முழந்தாளிட்டார் என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

பூசை முடிந்து கீழ்மண்டபத்தில் கோப்பியும் ரோல்ஸும். கொமிற்றி மேசையில் யோசெப்பினும் தலைவர் அன்டனும் இருந்தார்கள்.

"தங்கச்சி, கடிதத்தில சின்னத் திருத்தம்."

"பெயர் பிழையோ அண்ணை?"

"பெயர் சரி. படிப்புத்தான்..."

"ஏன், டொக்டர் இல்லையோ?"

நல்லதொரு வாய்ப்பு. திசை காட்டிவிட்டுத் தப்பிவிடலாம். ஆனால் சிவாஜினி பக்கத்தில் நின்றாள், இந்த முறை கோட் இல்லாமல். தங்கராசா கண்ணை மூடினார். நெஞ்சில் மூன்று வருஷம் அடைத்துக் கிடந்தது ஒரேயடியாக வெளியே வந்தது.

"பொலிஸ்!"

அடுத்த நொடி, பனி அள்ளுவதற்காகக் கார் நிறுத்தக்கூடாத பக்கத்தில் கார் விட்டிருந்த ஏழெட்டுப் பேர், அன்டனையும் சேர்த்து, தண்டத்துக்குப் பயந்து கடித்த ரோல்ஸோடு வாசலுக்கு ஓடினார்கள்.

"காருக்கு இல்லை!" என்று தங்கராசா கத்தினார். "என்ர மகள்! பொலிஸ் படிப்புப் படிச்சவ. மூண்டு வருசம். இப்ப தடயம் பாக்கிற படிப்புக்கு மாறுறா. லோயர் இல்லை. டொக்டரும் இல்லை. நான்தான் ஊருக்கு அப்பிடிச் சொன்னனான்."

யோசெப்பின் பழைய கடிதத்தை வாங்கி இரண்டாய்க் கிழித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். அன்டன் தலையில் பனியோடு திரும்பி வந்து கையெழுத்து வைத்தார். "அப்ப என்ர கொலஸ்ட்ரோல்?" என்று புஷ்பராணி மட்டும் மெல்லக் கேட்டார்.

கடிதம் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. வசந்தத்தில் பதில் வந்தது: எடுத்துக்கொண்டார்கள். டிப்ளோமாவில் படித்த ஐந்து பாடங்களைத் திரும்பப் படிக்கவேண்டாம் என்றும் விட்டார்கள்.

திருந்திய மனிதர் சும்மா இருப்பாரா? மகளின் புத்தகங்களைத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டார். இப்போது ஞாயிறு தவறாமல், கையில் ரோல்ஸோடு நிற்பவர்களுக்கு நடுவில் நின்று, செத்த உடம்பில் எத்தனையாம் நாள் என்ன பூச்சி வரும் என்று உள்ளது உள்ளபடி விளக்குகிறார். பாதி ரோல்ஸ் தட்டிலேயே மிஞ்சுகிறது. அந்த மனிதர் பழையபடி ஏதாவது கூட்டிச் சொல்ல மாட்டாரா என்று சனங்கள் நேர்த்தி வைக்காத குறை.

சிரித்தது போதும். இப்போது யாரோ ஒருவர் வந்து, உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்று உங்களைக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்குமுன், பிள்ளை காது கேட்கிற தூரத்தில் நிற்கிறதா என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்தீர்களே, ஏன்?