வெள்ளிமுடிக்கு ஒரு சட்டை

மூன்றாவது முறை அலசியும் அவன் முகத்திலிருந்த சிவப்பு போகவில்லை.

அவன் என்றால் ஆள் இல்லை, ஆளுயரத் தலையணையின் உறை. மகள் உயிரையே வைத்திருக்கும் ஏதோ ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் கதாநாயகன் தலை முதல் கால் வரை அதில் அச்சாகியிருந்தான். இடுப்பைத் தொடும் வெள்ளி நிற முடி, கறுப்புக் கோட்டு, கையில் வாள். பெயர் வாயில் நுழையாததால் விசில் டீச்சர் அவனை வெள்ளிமுடி என்றே கூப்பிட்டு வந்தார்.

விசில் டீச்சர் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். உடற்பயிற்சி ஆசிரியை. இருபத்தைந்து வருடமாக ஊதி ஊதி, வீட்டில் காபி கேட்டால்கூட நாலு பேர் வரிசையில் வந்து நிற்கிற மாதிரிதான் கேட்பார்.

மகள் ஆபீஸ் தோழிகளோடு இரண்டு நாள் சுற்றுலா போயிருந்தாள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவாள். போகும்போது, "அம்மா, என் ரூமைத் தொடவே தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். டீச்சர் ரூமைத் தொடவில்லை. உறையை மட்டும் உருவி, புதிதாக வாங்கிய சிவப்புத் திரைச்சீலையோடு சேர்த்து மெஷினில் போட்டார்.

வெள்ளிமுடி ரோஜாமுடி ஆகி வெளியே வந்தான். கன்னமெல்லாம் வெட்கம்.

டீச்சர் அசரவில்லை. சாயம் போக்கும் பொடியைக் கரைத்து முகத்தில் மட்டும் தேய்த்தார். சிவப்பு போனது. கூடவே இடது கண்ணும் போனது. சரி, கண்தானே என்று கறுப்பு மார்க்கரால் ஒன்று வரைந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட கை அது. புதுக் கண் அகலமாக வந்து ஜன்னல் பக்கம் பார்த்தது. ஊரையே வெட்டிச் சாய்க்கும் வீரன், கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி ஆகிவிட்டான்.

கணவரிடம் யோசனை கேட்கலாமா? கூடாது. அவர் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பார், தன் வாயை மூடி வைக்கத் தெரியாது. மகள் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார்.

மகளின் மேசையில் கிடந்த காகிதப் பையில் ஒரு கடையின் விலாசம் இருந்தது. டீச்சர் உறையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

கைபேசி பழுது பார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அந்தக் கடை. உள்ளே கால் வைத்ததும் டீச்சருக்கு மூச்சடைத்தது. தரையிலிருந்து கூரை வரை கண்கள். சாவிக்கொத்தில், கோப்பையில், சட்டைப் பித்தானில், சுவரொட்டியில் எங்கே திரும்பினாலும் தட்டு தட்டாக விழித்த கண்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைவிரல் உயரப் பொம்மைகள் வாளோடு பாய்ந்துகொண்டிருந்தன.

கடைக்காரருக்கு இருபத்தேழு வயது இருக்கும். டீச்சரைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பேட்ஜ் தட்டு நழுவிக் கலகலவென்று கடை முழுக்க உருண்டது.

"வா... வாங்கம்மா. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? ஃபேன் போடட்டுமா?"

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் உறையை மேசைமேல் விரித்தார். "இவன் வேணும்."

கடைக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "என்னம்மா ஆச்சு இவருக்கு?"

"துவைச்சேன்."

"அந்தக் கண்ணு?"

"நான்தான் போட்டேன்."

கடைக்காரர் மார்க்கர் கண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "கோட்டு போட்டவர் தீர்ந்துட்டாரும்மா. மழைக்காலச் சிறப்புப் பதிப்பு ஒண்ணே ஒண்ணு இருக்கு. இருங்க, எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போன நேரத்தில் டீச்சர் மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே எல்லோரும் செத்துக் கிடந்தார்கள்.

"அது கடைசிப் பக்கம்மா. இதை வலது பக்கத்துலேருந்துதான் படிக்கணும்," என்று குரல் வந்தது.

"பின்னாடி நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். பின்னாடி படிச்சா எதுக்கு நல்லது?" என்று நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கடைக்காரரின் தோளுக்கு மேல், பஞ்சடைத்த தலையணையாகவே ஆறடிக்கு ஒரு வெள்ளிமுடி. முடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கோட்டைக் காணோம். சட்டையையும் காணோம்.

"ஐயையோ! இவனுக்கு உடுப்பு எங்க?"

"கதைப்படி மழையில மாட்டிக்கிட்டாரும்மா."

"மழைன்னா மேல இன்னொண்ணு போடணும். இருக்கறதையும் கழட்டுவாங்களா?"

விலையைக் கேட்டதும் அடுத்த அதிர்ச்சி. ஆனால் கடைக்காரர் தானாகவே பாதியாகக் குறைத்தார். "உங்ககிட்ட நான் லாபம் வைக்க மாட்டேம்மா."

"ஏன்?"

"அது... டீச்சராச்சே. கழுத்துல விசில் தொங்குதே!"

இந்தக் காலத்திலும் ஆசிரியர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று டீச்சருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவில், இரண்டு கையாலும் வெள்ளிமுடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவர், மேசைமேல் வைத்த கைபேசியை மறந்தார்.

டாக்சியில் அவன் பின்னால் அடங்கவில்லை. முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் கீ கீ என்று மணி அடித்தது. டிரைவர், "சார் பெல்ட் போடணும்மா," என்றார். போட்டார்கள். குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேன், முன் சீட்டில் வந்த பெரிய மனிதருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அவர் துண்டைத் தேடுவதற்குள் டீச்சர் வெள்ளிமுடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் புகுந்துவிட்டார்.

மகளின் கட்டிலில் போட்டுப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வயசுப் பெண் இருக்கிற வீட்டில் இப்படி ஒருத்தன் வெற்றுடம்போடு படுத்திருப்பதாவது! கணவரின் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, அவனைப் புரட்டிப் புரட்டி மாட்டி, ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். கழுத்துப்பட்டையை நீவிவிட்டார். கடைக்காரர் சொன்னபடி, பஞ்சு பரவுவதற்காகக் கன்னத்தில் நாலு தட்டுத் தட்டினார்.

ஜன்னல் திறந்திருந்தது.

எதிர் பிளாக் அக்கா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் கவ்வியிருந்த கிளிப் இரண்டு மாடி கீழே போய் விழுந்தது. அக்கா முதலில் வாட்ச்மேனை விசாரித்தார். "ஆமாங்க, ஒரு சார் வந்தாரு. நீளமா முடி வெச்சிருந்தாரு," என்று அவர் சத்தியம் பண்ணினார். அக்கா பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இதெல்லாம் பிற்பாடு தெரிய வந்தது.

டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு மனைவியின் எண்ணை அழைத்தார். எடுத்தது ஓர் ஆண் குரல்.

"ஹலோ, அவங்க இப்பதான் என்கிட்டேருந்து கிளம்பிப் போனாங்க."

"நீ யாருடா?"

"நான்... நீங்க யாருங்க?"

"அவ புருஷன்!"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து நொறுங்கியது. "சார்! வணக்கம் சார்! நானே நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன் சார். தப்பா மட்டும் நினைக்காதீங்க சார்!"

இணைப்பு அறுந்தது. வீட்டில் ஒருத்தன், போனில் ஒருத்தன். ஆக இரண்டு பேர்! டாக்டர் கையுறையோடும் முகமூடியோடும் தெருவில் ஓடினார். பாதி குடைந்த பல்லோடு, கழுத்தில் கட்டிய துணியோடு, நோயாளியும் பின்னாலேயே ஓடினார். அவருக்கு அவர் பல் முக்கியம்.

கதவு இடிபட்டபோது மணி நாலரை. மகள் முன்னதாகவே வந்துவிட்டாளா? டீச்சர் வெள்ளிமுடியை அலமாரிக்குள் திணித்து, காலால் உதைத்து மூடிவிட்டுத் திறந்தார். வாசலில் கணவர், எதிர் பிளாக் அக்கா, வாட்ச்மேன், வாயில் பஞ்சோடு யாரோ ஒருவர்.

"எங்கடி அவன்?"

டீச்சருக்குத் திக்கென்றது. இவருக்கு யார் சொன்னது? "மெதுவாப் பேசுங்க. அவளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"அவளுக்கா? அப்ப எனக்குத் தெரிஞ்சாப் பரவாயில்லையா?"

"உங்ககிட்ட நிதானமாச் சொல்லலாம்னு இருந்தேங்க. பழசு சாயம் போயிடுச்சு. பார்க்கவே சகிக்கல. அதான் புதுசா ஒருத்தனைக் கொண்டாந்துட்டேன்."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பழசுன்னா... என்னையா சொல்றே?"

எதிர் பிளாக் அக்கா கண்ணை மூடிக்கொண்டார், காதை மூடவில்லை.

டாக்டர் உள்ளே பாய்ந்தார். அலமாரிக் கதவின் இடுக்கில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தொங்கியது. இழுத்துத் திறந்தார். ஆறடி உருவம் நேராக அவர்மேல் சாய்ந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். டாக்டர் ஓங்கி ஒரு குத்து விட்டார். கை முழங்கை வரை உள்ளே போனது.

"என் சட்டைடா இது!" என்று அலறியபடி இன்னொரு குத்து.

நோயாளிதான் முதலில் கண்டுபிடித்தார். மரத்துப்போன வாயால் அவர், "தாக்தர், அது தயையண!" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் தன் இரு கைகளையும் கன்னத்தடியில் வைத்துத் தூங்கிக் காட்டினார்.

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். கீழே கிடந்தவன் நனைந்த முடியோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஒன்று விடாமல் சொல்லி முடித்தபோது, எதிர் பிளாக் அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். வாட்ச்மேன், தான் சல்யூட் வைத்தது யாருக்கு என்று குனிந்து பார்த்து நொந்துபோனார்.

"அப்ப போன்ல பேசினவன் யாரு?" என்றார் டாக்டர்.

அந்த நேரம் வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார் கடைக்காரர். கையில் டீச்சரின் கைபேசி. "அம்மா, இதை மறந்துட்டீங்க."

டீச்சருக்குக் கண் கலங்கியது. "பாருங்க, இந்தப் பிள்ளைதான். பாதி விலைக்குக் கொடுத்து, இதுக்காகக் கடையை மூடிட்டு ஓடி வந்திருக்கு. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்."

டாக்டர் வெட்கத்தோடு கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகுலுக்கினார். "மன்னிச்சுக்கப்பா. போன்ல வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்."

"பரவாயில்ல சார்," என்ற கடைக்காரரின் கை ஐஸ் மாதிரி இருந்தது.

லிஃப்ட் திறந்தது. தோளில் பையோடு மகள். அப்பா தரையில் புரண்ட கோலத்தில், தெரியாத ஒருவர் வாயில் பஞ்சோடு, உள்ளே தரையில் அப்பாவின் சட்டை போட்ட தலையணை.

"கண்ணு, கோவிச்சுக்காதே. உன் வெள்ளிமுடியை அம்மா தெரியாமத் துவைச்சுட்டேன்," என்று டீச்சர் ஆரம்பித்தார்.

மகள் தலையணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரரைப் பார்த்த கண் பார்த்தபடி நிற்க, தோளிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது.

டாக்டருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "ஆமா தம்பி, நாங்க விலாசமே தரலையே. வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கடைக்காரர் குனிந்து மகளின் பையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இவ்வளவு நேரம் அவமானத்தில் தலைகுனிந்து நின்ற வாட்ச்மேன், தனக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்தார். "நல்லாக் கேட்டீங்க சார்! ஒரு வருஷமா தினம் சாயங்காலம் நம்ம பாப்பாவை ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடுறவருக்கு வீடு தெரியாதா?"