மெஜிக் வான்டால் அடித்த பெயின்ற்

"படத்தில பல்லு வெள்ளையா இருந்தாக் காணும் மச்சான். நேர ஆரு வாயைத் திறந்து பாக்கப் போறான்?"

கிண்ணியா ஸ்டூடியோவில் யாரோ யாருக்கோ சொன்னது. அடையாள அட்டைப் படத்துக்குக் காத்திருந்த நிப்றாஸின் காதில் விழுந்தது. அப்படியே துள்ளி எழும்பிவிட்டான்.

பெருநாளுக்கு முன்னம் பின் மதிலுக்குப் பச்சை பெயின்ற் அடிக்க வேண்டும். அது மனைவி ரபீக்காவின் கட்டளை. வீடு மாமி சீதனமாகத் தந்தது. அதனால் மதிலின் ஒவ்வொரு கல்லிலும் மாமிக்கு ஒரு கண். ரபீக்கா மூதூரில் உம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள். வாங்கி வைத்த இரண்டு பெயின்ற் வாளியும் மூடி திறக்காமலே இருந்தன. இன்றைக்குப் பின்னேரமோ பக்கத்து மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி!

வீட்டுக்கு ஓடினான். மதிலைப் படமெடுத்து லப்டொப்பில் போட்டோஷொப்புக்குள் போட்டான். முதலில் சதுரமாகத் தெரிவு செய்யும் கருவி. மதிலோடு சேர்ந்து பாதி வானமும் பச்சையானது. அடுத்தது மெஜிக் வான்ட் என்ற மந்திரக்கோல் கருவி. ஒரே தட்டு! ஒத்த நிறம் எங்கே இருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்தது. வெள்ளை மதிலும் பச்சை, மதிலடியில் படுத்திருந்த வெள்ளை ஆடும் பச்சை.

"அட சைத்தானே!"

சுருக்குக் கயிறு மாதிரிச் சுற்றி வெட்டும் லாஸோ கருவியை எடுத்தான். ஆட்டைச் சுற்றிக் கோடு இழுத்து, அதன் வெள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். நிஜ ஆட்டைக் கயிற்றில் பிடிப்பதைவிடச் சுகம். கால் மணித்தியாலத்தில் மதில் முடிந்தது. கையில் ஒரு துளி பெயின்ற் இல்லை!

வட்ஸ்அப்பில் அனுப்பினான். உடனே ரபீக்கா போன் எடுத்தாள்.

"மெய்தானா? நீங்களா அடிச்ச?"

"பின்ன? இடுப்பு முறிஞ்சு போச்சு."

"அல்லாஹ்! உம்மாட்டக் காட்டினன். சந்தோசம் தாங்கேலாம இப்பவே பாக்க வாறாவாம்."

"இந்த வெயிலுக்குள்ளயா? மாமிக்கு ஏன் கரைச்சல்..."

"நான் சொன்னாக் கேக்கிறாவா? கடைத்தெருவில பெருநாள் சாமான் வாங்கிட்டு நாலரைக்கு வந்திருவம்."

கொஞ்ச நேரத்தில் படமும் வந்தது. பஸ் சீட்டில் மாமி. முக்காட்டுக்குள் முழுச் சிரிப்பு.

நிப்றாஸ் வாளியை உடைக்காத குறையாகத் திறந்தான். இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு உருளையோடு ஓடினான். வாசலில் கூட்டாளி றிப்தி வந்து கத்தினான்.

"மச்சான், மெச் துவங்கப் போகுது!"

"போடா! மாமி பஸ்ஸில வாறா!"

நாலரைக்கு ரபீக்கா வந்தாள். தனியாக. மதிலை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் பச்சையானது.

"மாமி எங்க?"

"உம்மா ஊட்டில. முழங்கால் நோவு, பஸ் ஏற ஏலாது."

"அப்ப அந்தப் படம்?"

ரபீக்கா போனை நீட்டிப் படத்தைப் பெரிதாக்கினாள். பஸ் சீட்டின் மேல் மாமி வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையின் கைப்பிடி இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"லாஸோவாலதான் வெட்டினன். கைப்பிடியைக் கழட்ட நேரம் காணல்ல."

"என்ட படம் பொய்யெண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

அவள் அடுத்த படத்தைத் தட்டினாள். அவன் அனுப்பிய மதில். அதன் அடியில் வெள்ளை ஆடு. இரண்டு காதும் பச்சை.

மைதானத்தில் ஆரவாரம் எழும்பியது. நிப்றாஸ் மெதுவாகச் செருப்பைத் தேடினான்.

ரபீக்கா மற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு போய் முன் மதிலடியில் வைத்து, மூடியைத் திறந்தாள்.