செபமாலைமுத்து ஏரிக்கரை தெரிவுசெய்கிறார்

லண்டன் தமிழரிடையே தெரிவாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் பசியோடு சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கும்போது, உள்ளே போகவிடாமல், முன்பின் தெரியாத யாரோ அந்தக் கடையைப் பற்றி எழுதிய குறையைத் தொலைபேசியில் வாசித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதானால், எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் பால் திரைந்து, மீன் நாறி, மனைவி பக்கத்து வீட்டுப் பெட்டியில் ஒரு தட்டுக்கு உரிமைக்காரியாகியிருப்பாள். அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவரைப்போல் பாடுபடுகிறவர் இல்லை. பாடுபட்டுப் பாடுபட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பவர் அவர்.

மாதிரிக்கு ஒருவர் வேண்டுமென்றால் மோர்டனுக்கு வாருங்கள். செபமாலைமுத்து அங்கேதான் இருக்கிறார். ஜேர்மனியில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு ரைல்ஸ் பதிப்பது தொழில். அவர் பதித்த சுவரில் ஒரு ரைல்ஸ்கூட மயிரிழை விலகி நிற்காது. அந்த நேர்த்தியை வேலைச் சாமான்களோடு வான் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்திருந்தால், அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து வீட்டுப் பின்வளவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இது தொடங்கியது. மகள் ஜெனோஜாவுக்கு ஸ்கொட்லாந்தில், அபடீன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. செப்டெம்பரில் போகவேண்டும். அதற்குமுன் எல்லோருமாக ஏதாவதொரு ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரவேண்டுமென்று அவருடைய மனைவி இம்மாகுலேற்றுக்கு ஆசை. ஓகஸ்ட் கடைசித் திங்களோடு வரும் விடுமுறைக்கு அவள் லீவும் எடுத்துவிட்டாள். முதியோர் இல்லத்து வேலையில் அது லேசான காரியமல்ல. கிறிஸ்மஸ் அன்று வேலைக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய லீவு. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராசாவும் மனைவி கமலேஸ்வரியும் சேர்ந்து வருவதாகச் சொன்னார்கள். கிருஷ்ணராசா, உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, அதை ஓட்டிப்போக ஓர் இடம் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"என்னோடை வேலை செய்யிற பிள்ளை ஒண்டு போய் வந்தது. ஹேர்ட்போர்ட்ஷயர் பக்கம். நல்ல இடமாம்," என்றாள் இம்மாகுலேற்.

"நல்ல இடமெண்டு ஆர் சொன்னது?" என்றார் செபமாலைமுத்து.

"அந்தப் பிள்ளைதான்."

"அது வேறை எத்தினை இடத்தைப் பாத்திட்டு இதை நல்லமெண்டு சொல்லுது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடம் பதில் இருக்கிறது? இம்மாகுலேற் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணராசா ஒரு பிழை விட்டார்.

"அண்ணை, நீங்களே ஒண்டைப் பாத்துச் சொல்லுங்கோ. நாங்கள் பின்னாலை வாறம்."

கமலேஸ்வரி மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள். பிந்திவிட்டது. செபமாலைமுத்துவின் முகத்தில், அன்றைக்குத்தான் குருப்பட்டம் பெற்றவர்போல் ஓர் ஒளி வந்துவிட்டது.

அன்று பின்னேரமே ஆராய்ச்சி தொடங்கியது. லண்டனைச் சுற்றி இத்தனை ஏரி இருக்கிறதென்று ஏரிகளுக்கே தெரியாது. ஒவ்வொன்றைப் பற்றியும் போய்வந்தவர்கள் எழுதியதை அவர் வாசித்தார். எல்லாவற்றையும் அல்ல. மெச்சி எழுதுகிறவன் எதையும் கவனிக்காதவன் என்பது அவர் கொள்கை. ஆகவே திட்டி எழுதியவற்றை மட்டும் வாசித்தார். ஓரிடத்தில் வாத்துகள் விடியப்புறம் கத்துவதாக ஒரு பெண் முறையிட்டிருந்தாள். இன்னோரிடத்தில் மழை பெய்ததற்காக ஒருவர் ஏரிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் முகாம் முகாமாகப் போய்க் கழிப்பறைகளுக்குள் நடந்து காட்டும் காணொளிகளைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு நேரத்தில் அவற்றை ஓடவிட்டார். கிடைத்ததையெல்லாம் வட்ஸ்அப்பில் குழுவொன்று தொடங்கி அனுப்பினார். கிருஷ்ணராசா முதல் வாரமே அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டார்.

வாசித்தால் மட்டும் போதுமா? நேரில் பார்க்கவேண்டாமா? சனிக்கிழமைகள் அதற்குப் போயின. முதலில் இம்மாகுலேற் சொன்ன ஏரிக்கே போனார்கள். தண்ணீர் பச்சையும் சாம்பலுமாகக் கிடந்தது. கரையோரம் சிறு மரமேடை ஒன்று. இம்மாகுலேற் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள். விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு இது காணும், வேறை வேண்டாம்," என்றாள் பிறகு.

செபமாலைமுத்து அப்போது புல்லின்மேல், சுவருக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து, கன்னத்தை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, குமிழி எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிவு," என்றார்.

"புல்லுத்தானே."

"சரிவிலை படுத்தால் இரத்தம் முழுக்கத் தலைக்கு ஓடும். ரொய்லெற்றும் தூரம். ஜேர்மனியிலை எண்டால் இதுக்கு லைசென்சே குடுக்கமாட்டாங்கள்."

முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து, இடம் பதியப் போகிறீர்களா என்று அன்பாகக் கேட்டாள். சும்மா பார்க்கிறோம் என்றார் செபமாலைமுத்து. அவர் வாழ்க்கையில் சொன்ன மிக உண்மையான வசனம் அதுதான்.

அடுத்த ஏரியில் கழிப்பறை கிட்ட இருந்தது. கிட்ட இருந்தால் மணக்கும். அதற்கடுத்ததில் ஆட்களே இல்லை; இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் சனமில்லை, உள்ளுக்கு ஏதோ இருக்கிறது. வேறொன்றில் சனம் நிறைந்திருந்தது. இதற்குள் மனிதர் இருப்பார்களா? சரே பக்கம் ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது. நிலம் மட்டம், குழாய் பக்கத்தில், குளியலறைத் தண்ணீர் சுடச்சுட, மோட்டார்ஹோமுக்கு மின்சார இணைப்புக்கூட இருந்தது. செபமாலைமுத்து கரையில் நெடுநேரம் நின்றார். ஏதோ பறிகொடுத்தவர்போல் இருந்தது முகம். நல்லகாலமாக ஹீத்ரோவுக்குப் போகும் விமானமொன்று தலைக்கு மேலால் போயிற்று. முகம் மலர்ந்தது.

"கேட்டீரே சத்தத்தை?" என்றார்.

இம்மாகுலேற் எல்லா ஏரியிலும் காலை நனைத்தாள். எல்லாவற்றையும் காணும் என்றாள். அதனாலேயே அவளுடைய அபிப்பிராயத்துக்குப் பெறுமதி இல்லாமல் போயிற்று.

இவரை நான் கொடுமைக்காரர் என்று சொல்வதாக நினைக்கவேண்டாம். மகள் வீட்டைவிட்டுப் போகுமுன் எல்லோருமாக இருக்கும் இந்த நாள்களில் ஒரு சிறு குறையும் வந்துவிடக்கூடாது என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஓர் இடத்தைத் தெரிவு செய்துவிட்டால், பிறகு அங்கே மழை பெய்யும், நுளம்பு கடிக்கும், எல்லோரும் தெரிவு செய்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். தெரிவு செய்யாத ஏரியில் மழை பெய்வதே இல்லை. செபமாலைமுத்து அந்த ஏரிக்கரையில்தான் கோடை முழுவதும் குடியிருந்தார்.

இந்த இனத்தவரின் வீடுகளில் பிள்ளைகள் எதையும் செய்து முடித்த பிறகு சொல்லவே பழகிவிடுகிறார்கள். ஜெனோஜாவும் அப்படித்தான். ஜூலையில் ஒரு நாள், அபடீனில் வீடு எடுத்துவிட்டதாக, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எடுத்திட்டீரோ? என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் ஒருக்கால் பாத்திருப்பனெல்லே," என்றார்.

"ஓம் அப்பா. அதுதான் சைன் பண்ணிப்போட்டுச் சொல்லுறன்."

அவருக்கு விளங்கவில்லை. இம்மாகுலேற்றுக்கு விளங்கியது. ஒருநாள் மருமகனும் இதே மாதிரித்தான் வரப்போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூலை முடியும் தறுவாயில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சரே ஏரிதான். விமானங்களின் பாதை எந்தக் காற்றுக்கு எப்படி மாறும் என்பதையும் பார்த்துவிட்டார். இரு வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசி எடுத்தார். ஓகஸ்ட் கடைசி விடுமுறைக்கா? அது ஈஸ்டருக்கு முன்பே நிறைந்துவிட்டது என்றது மறுமுனை. அடுத்ததற்கு எடுத்தார். நிறைந்துவிட்டது. வாத்துகள் கத்தும் ஏரியும் நிறைந்துவிட்டது. மழை பெய்த ஏரியும்.

கிருஷ்ணராசா நிலத்தைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே அவருடைய மோட்டார்ஹோம் நின்றது. தெரிவாளர் வெட்கப்படுவார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

"பாத்தியளே," என்றார் செபமாலைமுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து. "நான் பிடிச்ச இடம் நல்ல இடமெண்டபடியால்தானே நிறைஞ்சிருக்கு. பறவாயில்லை. வாற வருசம் ஜனவரியிலையே தொடங்குவம்."

"வாற வருசம் நான் இஞ்சை இல்லை, அப்பா," என்றாள் ஜெனோஜா.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கமலேஸ்வரி எழுந்து போய்த் தேநீருக்குக் கேத்தலைப் போட்டாள்.

மறுநாள் வேலையிடத்தில், தேநீர் இடைவேளையில், இம்மாகுலேற் அந்த முதல் ஏரிக்குத் தானே தொலைபேசி எடுத்தாள். அங்கும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் காலையில்தான் யாரோ ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். கூடாரத்துக்கு ஓரிடம் இருக்கிறது. மோட்டார்ஹோமைப் பின்பக்கத்துப் புல்வெளியில் நிறுத்தலாம், மின்சாரம் கிடையாது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் நேர்மையானவள்.

"கூடாரம் அடிக்கும் இடத்தில் ஒரு குறை இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன்," என்று தொடங்கினாள்.

"வேண்டாம். சொல்லாதேங்கோ," என்று தமிழில் சொல்லிவிட்டாள் இம்மாகுலேற். பிறகு ஆங்கிலத்தில், எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கணவனிடம் சொன்னாள்: "நானும் பிள்ளையும் லீவு வாற வெள்ளிக்கிழமை முதல் பாத்த ஏரிக்குப் போறம். கிருஷ்ணராசா ஆக்களும் வருகினம். நீங்கள் விருப்பமெண்டால் வாங்கோ."

"அந்தச் சரிவுக்கே?"

"அந்தச் சரிவுக்குத்தான்."

அவர் வந்தார். எல்லாம் பிழையாகும்போது பக்கத்தில் நிற்கவேண்டாமா?

குறை, குப்பைத் தொட்டிகள். கூடாரத்துக்கு நேர்பின்னால் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை எல்லோரும் கீழ்ப்பக்கமாக உருண்டு உருண்டுதான் தூங்கினார்கள். சனிக்கிழமை மழை. மோட்டார்ஹோமுக்குள் அத்தனை பேரும் நெருங்கி உட்கார்ந்து, கமலேஸ்வரி பொரித்துத் தந்த சூடான ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு கார்ட்ஸ் விளையாடினார்கள். ஜெனோஜா ஒரு சீட்டை ஒளித்துவைத்துப் பிடிபட்டாள். இம்மாகுலேற் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செபமாலைமுத்து யன்னலோரம் இருந்து, சரேயில் இந்நேரம் மழை இல்லை என்று தொலைபேசியைப் பார்த்து எல்லோருக்கும் அறிவித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. தாயும் மகளும் ஏரியில் இறங்கினார்கள். இம்மாகுலேற் பழைய சட்டையோடு மார்பளவு தண்ணீரில் நின்றாள். ஜெனோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நிலம் தட்டுப்படாத பக்கமாக மெல்ல மெல்லக் கூட்டிப்போனாள்.

"அப்பா, வாங்கோ. தண்ணி நல்ல சுகமாயிருக்கு."

செபமாலைமுத்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தார். போகத்தான் நினைத்தார். அதிலே பொய்யில்லை. மகள் கூப்பிட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிக்கூட விட்டது. ஆனால் இந்தத் தண்ணீரின் தரத்தைப் பற்றிப் போன மாதம் யாரோ ஏதோ எழுதியிருந்தார்களே.

"நில்லுங்கோ, ஒருக்கால் பாத்திட்டு வாறன்," என்றார்.

கரையில் சிக்னல் இல்லை. தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் ஏறினார். வாகனங்கள் நிற்கும் இடத்தில் கொஞ்சம் கிடைத்தது. தேடினார், வாசித்தார், எழுதியவன் எப்படிப்பட்டவன் என்று அவன் எழுதிய மற்றவற்றையும் வாசித்தார். தண்ணீர் மிக நல்ல தண்ணீர். மடித்த காற்சட்டையோடு, ஏறக்குறைய ஓட்டமாக இறங்கி வந்தார்.

இருவரும் கரையில் இருந்தார்கள். ஜெனோஜா தாயின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இடி வருதாம், அப்பா. இனி ஒருத்தரையும் இறங்க விடாயினம்."

அவர் வானத்தைப் பார்த்தார். தன் உலர்ந்த கால்களைப் பார்த்தார். மகள் தாயின் காதுக்குள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். தன்னைப் பற்றியே இல்லை என்பது சிறிது பொறுத்துத்தான் அவருக்குப் புரிந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

திரும்பி வரும்போது, லண்டனைச் சுற்றும் M25 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. "அந்தக் குளத்தின்ரை மற்றக் கரை இதைவிட நல்லம்போலை கிடந்தது," என்றார் செபமாலைமுத்து. பின்னிருக்கையில் தாயும் மகளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். தூக்கமோ, வேறெதுவோ.

இதை வாசித்துக்கொண்டு நீங்கள் உங்கள் மைத்துனரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் அண்மையில் உங்களிடம் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். பெரிய இடமாக இராது. ஒரு கடற்கரை, ஒரு பூங்கா, ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்; நியாயமாகத்தான் சொல்லியிருப்பீர்கள். சொன்னபோது அவருடைய முகம் எப்படியிருந்தது, அது நினைவிருக்கிறதா? இல்லையென்றால் எழுந்து போய் அவரையே கேளுங்கள். இன்றைக்கே கேட்பது நல்லது. பிந்தினால் அவர், நல்லாயிருந்தது, நீங்கள் இல்லாமலே போய்விட்டு வந்துவிட்டோம் என்று சொல்லிவிடக்கூடும்.