வெள்ளரிக்காய் ஊறுகாயும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

அன்பு மகன் எல்டனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும், என் இடது முழங்காலைத் தவிர, நலம். நீ போனை எடுக்காததால் அங்கே நீயும் உன் வலது தோளும் நலம் என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

நேற்று மளிகைக் கடையில் ஒரு அம்மாள் என்னையே பார்த்தார். "நீங்க டிவில வந்தவர்தானே?" வயிற்றை உள்ளே இழுத்து, கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். "வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு வினிகர் எவ்வளவுன்னு சொல்ல வந்து அப்படியே நிறுத்திட்டீங்களே!" என்றார். அதே பேனாவால் அளவை எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷம் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவனுக்குக் கிடைத்த முதல் ரசிகை.

பதினோரு வருஷத்தில் பாதி பெஞ்சில் உட்கார்ந்ததுதான் என்பது உனக்கே தெரியும். அதனால்தானோ என்னவோ மெத்தைக் கடை டிவி விளம்பரத்தில் என்னைத் தூங்கச் சொன்னார்கள், நிஜமாகவே தூங்கிவிட்டேன். வினாடி வினாவில் பேஸ்பால் கேள்விக்கு ஒரு பல் டாக்டர் பதில் சொன்னார், நான் கை தட்டினேன். ஆகவே போன சனிக்கிழமை உன் ஆட்டத்துக்கு வர்ணனையாளர் பிரெண்ட் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டதும், உருப்படியான டிவி வேலை வந்ததென்று அம்மா என் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள்.

ஆறாவது இன்னிங்ஸில்தான் கவனிக்கிறேன், உன் பந்தை எதிரணியில் ஒருத்தன்கூட இன்னும் உருப்படியா அடிக்கலை. கடைசி வரைக்கும் இப்படியே போனா அது அபூர்வ சாதனை. அதுவும் பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்கறவர் உன்னைப் பார்க்க வந்திருந்த அன்னிக்கு, உன் முப்பத்தொரு வயசுல! அந்த மாதிரி நேரத்துல அதை யாரும் வாயால சொல்லக் கூடாது, சொன்னா அதோட போச்சு, கூட ஆடறவனே உன் பக்கத்துல உட்காராம நகர்ந்துடுவான். ஆனா டிவிக்காரன் என்னைக் கூப்பிட்டதே பேசத்தானே? பிரெண்டுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "சார், உங்க மகன் இன்னிக்கு இதுவரைக்கும்..."னு ஆரம்பிச்சார். நான் பாய்ஞ்சு, "பிரெண்ட், உங்க வீட்டுல ஊறுகாய் எப்படிப் போடுவீங்க?"ன்னேன். அப்புறம் என் முழங்கால் ஆபரேஷன், பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டுற மெஷின், மறுபடி ஊறுகாய். நாற்காலி மாறினாலும் ராசி போயிடுமேன்னு பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கலை. என் வயசுல அது சாதாரணத் தியாகமில்லை. கடைசி இன்னிங்ஸ், ஒன்பதாவதுல ரெண்டு பேர் அவுட், மிச்சம் ஒருத்தன். நான் மூணாவது தடவையா வினிகர் வரைக்கும் வந்திருந்தேன். அடிச்சுட்டான். பந்து நம்ம ஆளுங்க ரெண்டு பேருக்கு நடுவுல போய் விழுந்துது. நீ பந்தைப் பார்க்கலை, அண்ணாந்து வர்ணனை அறையில இருந்த என்னைப் பார்த்தே.

முடிவெட்டுற கடைக்காரன், "ஏன்யா ஹ்ருஸ்கா, சொந்தப் பிள்ளைக்கே சூனியம் வெச்சுட்டியே!"ங்கறான். நிகழ்ச்சியை முதல்லேர்ந்து போட்டுப் பாரு. அதைப் பத்தி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வந்திருந்தா, இனிமே நான் டிவி பக்கமே தலை வெச்சுப் படுக்கலை, மெத்தை விளம்பரம் உள்பட. வீசினது நீ, அடிச்சது அவன். வாயை மூடிக்கிட்டு இருந்தவன்மேல என்னப்பா தப்பு?

ஞாயிற்றுக்கிழமை வா. அம்மா பிளம் பழம் வைத்து உனக்குப் பிடித்த கொலாச்சி பன் சுடுகிறாள். உன் தோள்வீக்கமும் என்மேல் உள்ள கோபமும் அதற்குள் ஒன்றாகவே வடியட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
டெல்பர்ட் ஹ்ருஸ்கா

பி.கு.: மேலே சொன்னது அத்தனையும் சத்தியம். ஆனா அந்தக் கடைசி ஆள் மட்டையோட வந்து நின்னப்போ, வினிகர் அளவைச் சொல்ல வந்தவன் சட்டுனு நிறுத்தினேன் பாரு, அப்போ மனசுக்குள்ள மட்டும் சொன்னேன்: 'முடிச்சுட்டான்டா என் பிள்ளை.' அடுத்த பந்தைத்தான் அவன் அடிச்சான்.