வாய்க்காலுக்கு மூன்று நடுவர்கள்

மடை ஷட்டர் ஒன்பது நாளாக அசையவில்லை. பரிதியின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கைபேசி மட்டும், "உங்கள் வயலில் போதிய நீர் உள்ளது" என்று ஒன்பதாம் முறையாக வாழ்த்தியது.

அந்த வாழ்த்தை எழுதியவனும் பரிதிதான். பாபநாசத்தை ஒட்டிய அந்த வாய்க்காலில் அதுவரை முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் நீர்பாய்ச்சி வேம்பு. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தவர் வயலுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஓடும் என்பது ஊரறிந்த ரகசியம். சென்னையில் ஆறு வருடம் மென்பொருள் எழுதிவிட்டுத் திரும்பிய பரிதி, பக்கத்து வயல் மருதையனைச் சம்மதிக்க வைத்து, வேம்புவை நிறுத்திவிட்டு, பிளாக்செயினில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது தானே இயங்கும் கணினி ஒப்பந்தம், போட்டான். வயலில் நட்ட சென்சார் ஈரமில்லை என்றால் ஷட்டர் தானாகத் திறக்கும். இருக்கிறது என்றால் மூடிவிடும். எழுதியதை யாரும் திருத்த முடியாது. முக்கியமாக, அது வடை சாப்பிடாது.

பேன்ட்டில் சேறு படாமல் இருக்க, சென்சாரை வரப்போரமாகவே நட்டிருந்தான். வயலிலேயே பள்ளமான மூலை அது. எருமை படுத்த குழியில் நின்ற தண்ணீரை மொத்த வயலின் தண்ணீராக எண்ணி, கான்ட்ராக்ட் நிம்மதியாக இருந்தது.

நடவுக்கு ஆள் கூட்டிவரும் அம்சம் அக்கா ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேம்புவின் மனைவி. ஆனாலும் முகத்தில் கோபம் ஏதுமில்லை.

"இன்னும் நாலு நாள் தாங்கும் தம்பி. அதுக்கு மேல மாட்டுக்குத்தான் போடணும்."

"அண்ணன் என்ன பண்றாங்க?"

"வீட்டுலதான். மக காலேஜ் லீவுல வந்திருக்கா. ரெண்டும் எந்நேரமும் குசுகுசுன்னு ஏதோ பண்ணுதுங்க."

பரிதி சென்சாரைப் பிடுங்கி மேட்டில் நட்டான். கான்ட்ராக்ட் அதை மோசடி என்று கண்டுபிடித்து, மருதையன் வயல் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டியது. மருதையன் கடப்பாரையோடு வந்தார்.

"ஒடச்சிடலாமா?"

"ஒடச்சா கான்ட்ராக்ட்டுக்கு ரெண்டு பேரும் கட்டுன டெபாசிட் போயிடும்ணே. அப்படித்தான் எழுதியிருக்கு."

"எவன் எழுதுனான்?"

பரிதி வாய்க்காலைப் பார்த்தான்.

மிச்சமிருந்த வழி இணைய நடுவர் மன்றம். பாசனம் தெரியும் என்று உலகெங்கும் பதிந்து வைத்திருப்பவர்களில், முகம் தெரியாத மூன்று பேரைக் கணினி குலுக்கி எடுக்கும். மூன்று நாளில் தீர்ப்பு; அதற்கு மட்டும் கான்ட்ராக்ட் கட்டுப்படும். பரிதி ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம் எழுதினான். காவிரியின் வரலாறு மட்டும் நான்கு பக்கம்.

தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வயலை மாற்றினால் என்ன என்று முதல் நடுவர் கேட்டார். இரண்டாமவர் எதுவும் கேட்கவில்லை. பெரும்பான்மை எதுவோ அதுவே தன் கருத்து என்று தெரிவித்துவிட்டார். மூன்றாமவர்தான் குடைந்தார். சென்சார் நட்ட இடம் மேடா பள்ளமா, வாதி வயலில் ஒருமுறையாவது இறங்கி நடந்தாரா, வரப்பில் நண்டு வளைகளை அடைத்தாரா.

பரிதி அசந்துபோனான்.

"நெதர்லாந்துக்காரராத்தான் இருக்கணும்ணே. கடலையே கரை கட்டி நிறுத்துனவங்க."

"அங்கயும் நண்டு வளை இருக்கா?" என்றார் மருதையன்.

"படிச்சிருப்பாங்க."

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. மூன்றாமவர் எழுதியதை மற்ற இருவரும் அப்படியே ஏற்றிருந்தார்கள். சென்சாரை அகற்ற வேண்டும். வாய்க்காலைத் தினமும் நடந்து பார்க்கத் தெரிந்த உள்ளூர் மனிதர் ஒருவரை அமர்த்த வேண்டும். வாதி அவர் வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். அவர் சம்மதம் பதிவானதும் ஷட்டர் திறக்கும். தேநீர்ச் செலவு வாதியுடையது.

"உலகத்தரம்ணே," என்றான் பரிதி.

அரை மணி நேரத்தில் வடைப் பொட்டலத்தோடு வேம்பு வீட்டு வாசலில் நின்றான். கதவு பாதி சாத்தியிருந்தது. நாற்று நாளைக்கு மேல் தாங்காது, பழையதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றெல்லாம் கதவிடம் சொன்னான். அம்சம் வெளியே வந்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

"கொஞ்சம் உக்காருங்க தம்பி. உங்க கேஸுதான் முடிஞ்சிடுச்சே. இப்ப ஸ்பெயின்ல ரெண்டு பேருக்கு மடைத் தகராறாம், அதுக்கும் மகள எழுதவச்சுத் தீர்ப்பு சொல்லிட்டு வந்துடுவாரு."